மறந்துபோன ஸ்டோர் கார்டை என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்கா வந்த புதிதில், முதல் பில்லில் தள்ளுபடி உண்டு என்றார்களே என்று ஒரு துணிக்கடையில் ஸ்டோர் கார்டு (கடையின் பெயரில் வரும் கிரெடிட் கார்டு) எடுத்தேன். இரண்டு முறை பயன்படுத்தியதோடு சரி. பதினொரு வருடம் ஆகிவிட்டது, கார்டும் கையில் இல்லை. இப்போது வீட்டுக் கடனுக்காக கிரெடிட் ரிப்போர்ட் (என் கடன், கார்டுகளின் வரலாற்று அறிக்கை) எடுத்தால், அந்த அக்கவுன்ட் இன்னும் 'ஓப்பன்' என்றே இருக்கிறது. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் மூடிவிடட்டுமா? – வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம். வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்தாகும்வரை அதை மூடாதீர்கள். கடன் தருபவர்கள் கடைசி நேரத்தில் இன்னொரு முறை ரிப்போர்ட்டைப் பார்ப்பதுண்டு. அந்தச் சமயத்தில் கிரெடிட் ஸ்கோர் (ரிப்போர்ட்டை வைத்துப் போடும் மதிப்பெண்) சில புள்ளிகள் இறங்கினாலும் வட்டி விகிதத்தில் அது தெரியக்கூடும். மூடாதீர்கள் என்பதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. அந்த அக்கவுன்ட்டில் பாக்கி இருக்கிறதா என்பதை இந்த வாரமே பாருங்கள்.

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும். ஒன்றில் இருக்கும் அக்கவுன்ட் இன்னொன்றில் இல்லாமல் போகலாம். அந்த அக்கவுன்ட்டின் கீழ் பேலன்ஸ் பூஜ்யமா, தாமதக் குறிப்பு ஏதாவது உண்டா, வங்கி கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி எது, கணக்கு உங்களுடையதா அல்லது வேறொருவர் கணக்கில் கூடுதல் கார்டுதாரராக மட்டும் இருக்கிறீர்களா என்று பாருங்கள். கூடுதல் கார்டுதாரர் என்றால் வங்கியிடம் சொல்லிப் பெயரை நீக்கிக்கொள்ளலாம், கடன் பொறுப்பு உங்களுடையது அல்ல.

அடுத்தது போன். இங்கேதான் பலர் கடைக்குப் போன் போட்டு அலைகிறார்கள். கார்டில் கடையின் பெயர் இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் ஒரு வங்கியிடம்தான் இருக்கும், கடை ஊழியரால் எதையும் பார்க்க முடியாது. வங்கியின் பெயர் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்துக் கூப்பிடுங்கள். கார்டு எண் இல்லாவிட்டாலும் சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி, பழைய முகவரி ஆகியவற்றை வைத்துக் கணக்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த முகவரி நினைவில் இல்லையென்றால் ரிப்போர்ட்டின் முதல் பக்கங்களில் உங்கள் பழைய முகவரிகள் வரிசையாக இருக்கும், போனைக் கையில் எடுக்கும் முன் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். முகவரி, போன் எண், மின்னஞ்சல் மூன்றையும் மாற்றுங்கள். புதிய கார்டு கேளுங்கள். கணக்கில் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் இருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். ஒரு டாலருக்கு மேல் இருந்தால், கடிதம் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும்.

வீட்டுக் கடன் முடிந்தபின் மூடலாமா என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கோரில் பெரிய பங்கு பணம் தவறாமல் கட்டியதற்கு (பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர் முறையில் 35 சதவீதம்), அடுத்தது எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு (30 சதவீதம்). இந்த இரண்டாவதில், மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பது முக்கியம். ஒருவரிடம் 2,000 டாலர் லிமிட்டில் ஒரு வங்கிக் கார்டும் 1,500 டாலர் லிமிட்டில் ஒரு ஸ்டோர் கார்டும் இருந்து, 800 டாலர் நிலுவையும் இருந்தால் பயன்பாடு 23 சதவீதம். ஸ்டோர் கார்டை மூடினால் அதே 800 டாலர் 40 சதவீதமாகிவிடும். ஆனால் 20,000 டாலர் லிமிட் உள்ளவருக்கு 500 டாலர் ஸ்டோர் கார்டு போனால் எதுவுமே தெரியாது. உங்களுக்கும் பெரிய லிமிட்டில் வேறு கார்டுகள் இருந்தால், கடன் கைக்கு வந்தபின் தாராளமாக மூடலாம்.

மூடிய மறுநாளே பதினொரு வருட வரலாறு காணாமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஒழுங்காகக் கட்டிய கணக்கு மூடியபின்னும் பத்து ஆண்டுவரை ரிப்போர்ட்டில் நிற்கும், அதுவரை ஃபைகோ அதன் வயதையும் சேர்த்தே எண்ணும். மூடுவதாக இருந்தால் பேலன்ஸ் பூஜ்யம் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வந்ததா என்றும் பாருங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சின்னதாக ஏதாவது வாங்கி முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். முதலில், பில் தொகை தானாகவே கட்டப்படும் ஆட்டோபேயைப் போட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஸ்டோர் கார்டுகளின் வட்டி சாதாரணக் கார்டைவிட அதிகமாகவே இருக்கும். பத்து டாலர் சாமான் வாங்கிவிட்டு பில்லை மறந்தால், முப்பது நாள் தாமதம் என்ற குறிப்பு ஏழு வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும். நல்ல கார்டு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கேள்வி: பயன்படுத்தாத என் ஸ்டோர் கார்டை வங்கியே மூடிவிட்டது. ஒரு கடிதம்கூட வரவில்லை. இது சரியா? – வாசகர், டெக்சாஸ்

பதில்: சரிதான். பயன்படுத்தாத காரணத்துக்காக மூடும்போது முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. மூடியது வங்கியா நீங்களா என்பதை ஸ்கோர் பார்ப்பதில்லை, லிமிட் போனதுதான் கணக்கு. மூடாமல் வைத்துக்கொண்டு 'பயன்படுத்தாததற்கு' என்று தண்டம் போட மட்டும் 2010 முதல் அனுமதியில்லை. அப்படி ஒரு கட்டணம் பில்லில் வந்தால் விடாதீர்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'எஸ்ஒய்என்சிபி' என்று தொடங்கும் ஒரு அக்கவுன்ட் இருக்கிறது. அப்படி எதுவும் நான் திறந்ததாக நினைவில்லை. – வாசகி, கலிஃபோர்னியா

பதில்: அது சிங்க்ரனி வங்கியின் சுருக்கம். பல கடைகளின் கார்டுகளை அந்த வங்கிதான் நடத்துகிறது. சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் கடையின் பெயர் சுருக்கமாக இருக்கும். திறந்த மாதத்தைப் பார்த்து, அப்போது நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள், சோஃபாவோ ஃபிரிட்ஜோ தவணையில் வாங்கினீர்களா என்று யோசியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

உண்மையிலேயே உங்களுடையது இல்லையென்றால் தாமதிக்க வேண்டாம். மூன்று நிறுவனங்களிலும் தனித்தனியாக கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் வேறு யாரும் புதுக் கணக்கு திறக்காமல் இருக்க ரிப்போர்ட்டைப் பூட்டுவது) போடுங்கள், கட்டணம் கிடையாது. ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் புகார் பதிந்து, அந்த அறிக்கையை அடையாளச் சான்றோடு மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பினால், கிடைத்த நான்கு வேலை நாட்களுக்குள் அந்தக் கணக்கை அவர்கள் ரிப்போர்ட்டிலிருந்து மறைக்க வேண்டும். வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் தனியாக எழுதுங்கள். மோசடி இல்லை, விவரம்தான் தவறு என்றால் அந்த நிறுவனங்களிடம் சாதாரண டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போட்டால் போதும். அதை விசாரிக்க அவர்களுக்குப் பொதுவாக 30 நாள் அவகாசம்.

கேள்வி: ஊருக்குத் திரும்பிவிட்டேன். பழைய ஸ்டோர் கார்டில் 47 டாலர் பாக்கி, அது வசூல் நிறுவனத்துக்குப் போய்விட்டதாக ரிப்போர்ட் சொல்கிறது. கட்டிவிடலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் கடன் உங்களுடையதுதான் என்பதற்கான ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள். அது வரும்வரை ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம், தொலைபேசியில் வங்கிக் கணக்கு எண்ணையும் தர வேண்டாம். குறிப்பு ரிப்போர்ட்டிலிருந்து விழும் காலம், முதல் தவணை தவறியதிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டு. இப்போது கட்டுவதால் அது நீளாது. ஆனால் வழக்குத் தொடுக்கும் காலக்கெடு, சில மாநிலங்களில் சிறு தொகை கட்டினாலே புதிதாகத் தொடங்கிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாமல் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்டி, 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, பில் பழைய முகவரிக்குப் போனதை விளக்கி, தாமதக் குறிப்பை நீக்கும்படி வங்கிக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம்.