பிசிக்ஸ் படிச்சா என்ன வேலைன்னு கேட்ட தண்டையார்பேட்டை அக்காவுக்கு

அக்கா, பொண்ணு பிசிக்ஸ்ங்கறா, நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கறீங்க, ஒரு வாரமா ரெண்டு பேரும் பேசிக்கலன்னு சொன்னீங்களே, அது எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

லேசர் அடிச்சு புரோட்டானை வேகமா பாய வைக்கற ஆராய்ச்சி பண்ணணும்னு பொண்ணு சொன்னதுக்கு, "சில்வர் பேப்பர்ல லேசர் அடிக்கறது ஒரு படிப்பா"ன்னு கேட்டீங்க. படிப்புதான்கா. தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசான தகடு, அது மேல ஒரு நொடில லட்சம் கோடில ஒரு பங்கு, அதுக்கும் கம்மியான நேரத்துக்கு பயங்கர பவரோட லேசர் விழுது, எலக்ட்ரான் எல்லாம் சூடேறி தகட்டோட பின்பக்கமா பாயுது, அதனால அங்க மீட்டருக்கு லட்சம் கோடி வோல்ட் அளவுக்கு மின்புலம் உண்டாகுது, பின்பக்கம் ஒட்டியிருக்கற ஈரம், எண்ணெய்ப் பிசுக்குல இருக்கற ஹைட்ரஜனோட புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுவோட கருவை, அது அப்படியே இழுத்து வீசிடும். அமெரிக்கா லிவர்மோர் லேப்ல 58 எம்இவி (புரோட்டானோட சக்தியை அளக்கற அளவு) வரைக்கும் கெடச்சதுன்னு 2000லயே வெளியிட்டாங்க. இந்த மாதிரி லேசருக்கு வழி பண்ண டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு 2018ல நோபல், அதை பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க.

ஆனா ஒன்னு. தரமணில புரோட்டான் வச்சு கேன்சருக்கு ட்ரீட்மென்ட் தராங்கல்ல, அது லேசர் இல்ல, புரோட்டானை வேகமாக்கற பெரிய ஆக்சிலரேட்டர் மெஷின். ஒடம்புல ஆழமா இருக்கற கட்டிக்கு 200 எம்இவிக்கு மேல வேணும், ஜெர்மனில ட்ரெஸ்டன்ல லேசர் வச்சு 150 தொட்டதே 2024லதான். அதனால டிகிரி முடிச்சதும் ஆஸ்பத்திரில இந்த வேலை கெடைக்கும்னு அவ நெனச்சிருந்தா அதை இப்பவே பேசிடணும். ஆஸ்பத்திரிதான் ஆசைன்னா அண்ணா யுனிவர்சிட்டில எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இருக்கு, அது வேற ரூட்டு.

இந்த லேசர் விஷயம் ஆராய்ச்சி, நீளமான பாதை. பி.எஸ்சி. நம்ம தியாகராயா காலேஜ், பாரதி காலேஜ்லயே பண்ணலாம், அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்கறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். அப்புறம் ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்.எஸ்சி., அதுக்கப்புறம் ஜெஸ்ட் இல்லன்னா நெட்ங்கற தேர்வு எழுதி பிஎச்டி. நீங்க பயப்படற காசு விஷயம் இங்கதான் மாறுது, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சா நாம ஃபீஸ் தேடி அலைய வேணாம், அவளுக்கே மாசம் 37,000 வரும். இந்த ஆராய்ச்சி பண்ற லேப் மும்பைல டிஐஎஃப்ஆர், இந்தூர்ல ஆர்ஆர்கேட்ங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள்ல இருக்கு, ஊரை விட்டு அனுப்ப மனசை தயார் பண்ணிக்கோங்க.

நடுவுல விட்டாலும் ஆப்டிக்ஸ், வேக்யூம், சிமுலேஷன் கோடிங் கையில இருக்கும், அதுக்கு கம்பெனில மதிப்பு உண்டு. மேத்ஸ் மார்க் மட்டும்தான் எனக்கு யோசனை, ப்ளஸ் ஒன் மார்க்‌ஷீட்டோட ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு வாங்கக்கா.