டயட்டீஷியன் 5 நிமிடம்தான் நின்றார், மீதி நேரம் எங்கே போகிறது?

கேள்வி: சிறுநீரகக் கோளாறுக்காக அப்பாவை 6 நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். டயட்டீஷியன் தினமும் எட்டிப் பார்த்ததோடு சரி, 5 நிமிடம்கூட நிற்கவில்லை. பில்லில் மட்டும் தனிக் கட்டணம். மறுபடி சேர்க்க நேர்ந்தால் அவரிடம் என்ன கேட்பது?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். நானும் வார்டு வார்டாக அப்படி ஓடியவள். கட்டிலருகே நிற்பது எங்கள் வேலையில் சின்னப் பங்கு. காலையில் வந்ததும் ராத்திரி சேர்ந்தவர்களின் பட்டியலையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பார்ப்போம். சிறுநீரகம் சரியாக வெளியேற்றாமல் அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு ஏறியிருந்தால் இதயத்துக்கு ஆபத்து; டிபன் டிராலி கிளம்புவதற்குள் கிச்சனுக்குச் சொல்லி அவர் தட்டை மாற்றியாக வேண்டும்.

மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவர்களுக்குத்தான் கணக்கு அதிகம். 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 25 கலோரி என்றால் 1500 கலோரி. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி தரும் கரைசலானால் 250 மில்லி வீதம் 6 வேளை. ஸ்கேனுக்குக் கூட்டிப்போனதில் ஒரு வேளை தவறினால் 250 கலோரி போச்சு. நர்ஸ் சார்ட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடித்து, ஈடுகட்டி, கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். மதியம் ஓடிவிடும்.

அதனால் அந்த 5 நிமிடத்துக்கு நீங்கள் தயாராக இருங்கள். “நல்லா சாப்பிட்டார்” என்பது எங்களுக்கு உதவாது. “மூணு இட்லியில் ஒண்ணரையை வைத்துவிட்டார், வாய் கசக்குதாம்” என்றால் உடனே ஏதாவது செய்யலாம். வெளியிலிருந்து கொடுத்ததை மறைக்காதீர்கள். ஒருவருக்கு மூன்று நாளாகத் தட்டை மாற்றியும் பொட்டாசியம் இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் கட்டிலுக்கடியில் இளநீர்! “சூடு தணியட்டும்னுதான்” என்றார் மகள். பாசம்தான், ஆனால் ஓர் இளநீரிலேயே 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்து, ஆட்டோ என்று அலைச்சல். முந்தின நாளே நேரம் கேளுங்கள். வீட்டில் சமைப்பவரும் கூட இருக்கட்டும். தண்ணீர் எத்தனை டம்ளர், பருப்பு எத்தனை கரண்டி, காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டுமா என்று வீட்டு அளவிலேயே கேளுங்கள். உப்பைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கேட்காமல் அதை வாங்கிவிடாதீர்கள்.