கொலம்பஸில் 74,000 டாலர்: போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வீடு, உம்லாங்காவில் வேலை. ஒரு அமெரிக்கக் கம்பெனியின் டர்பன் கிளையில் ஆறு வருடமாக டெவலப்பராக இருக்கிறேன். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர அலுவலகத்துக்கு, கம்பெனிக்குள்ளேயே இடம் மாற்றும் எல்-1பி விசாவில் வரச் சொல்கிறார்கள். சம்பளம் வருடத்துக்கு 74,000 டாலர். ரேண்டில் பெருக்கினால் 12 லட்சத்துக்கு மேல் வருகிறது. என் மனைவி கணக்காளர். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கிளம்பு" என்கிறார்கள் வீட்டில். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் 74,000-க்குப் போகாதீர்கள்.

நானும் இதே விசாவில் இதே ஊருக்கு 2014-இல் போனவள். ஐந்து வருடம் இருந்தேன். எல்-1பிக்கு அதற்கு மேல் அனுமதி இல்லை. சேர்ந்த மூன்றாவது மாதம், காப்பி எடுக்கப் போன இடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் கம்பெனி, என்ன வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்று எழுதி வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். படித்தேன். நான் செய்யும் அதே வேலை. சம்பளம் மட்டும் என்னுடையதைவிட 19,000 டாலர் அதிகம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. எச்-1பியில் வருபவருக்கு, அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நடப்பில் உள்ள சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. கம்பெனிக்குள்ளேயே இடம் மாற்றும் எல்-1க்கு அந்தக் கட்டாயம் கிடையாது. டர்பன் சம்பளத்தை மனதில் வைத்து ஒரு தொகை சொல்வார்கள். நாமும் ரேண்டில் பெருக்கிப் பார்த்து மயங்கிவிடுவோம். போன பிறகு, அதே விசாவில் வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. அதனால் பேரம் பேச உங்களுக்குப் பலம் இருப்பது விமானம் ஏறுவதற்கு முன்புதான்.

எதை வைத்துப் பேசுவது? அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு நிலைகளில் சம்பளம் வெளியிடுகிறது. கொலம்பஸ் இருப்பது ஃபிராங்க்ளின் கவுன்டி. அதில் சாஃப்ட்வேர் டெவலப்பர் வரிசையைப் பாருங்கள். ஆறு வருட அனுபவத்துக்கு, மிகக் குறைந்த முதல் நிலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்பெனியே அந்த ஊரில் எச்-1பி ஆட்களுக்கு எவ்வளவு எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதும் பொதுப் பதிவுதான், தேடினால் கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். அப்புறம் ஒன்று: 2024 மே மாதக் கணக்குப்படி அமெரிக்கா முழுவதற்கும் டெவலப்பர்களின் இடைநிலைச் சம்பளம் 1,33,080 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. அதில் கலிஃபோர்னியாவும் சியாட்டிலும் சேர்ந்திருப்பதால் கொலம்பஸுக்கு அப்படியே கேட்க முடியாது. ஆனாலும் 74,000 எவ்வளவு கீழே நிற்கிறது என்று தெரிகிறதல்லவா.

சரி, கையில் எவ்வளவு வரும்? கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் காட்டுவதாக, 2024 விகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு மத்திய வரி 4,900 டாலர். சோஷியல் செக்யூரிட்டியும் (ஓய்வூதிய நிதி) மெடிகேரும் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சேர்த்து 7.65 சதவீதம், அதாவது 5,660. மாநில வரி 1,600-க்குப் பக்கம். நகராட்சிக்குத் தனியாக 2.5 சதவீதம், 1,850. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லாம் போக மாதம் 5,000 டாலர். அந்த சோஷியல் செக்யூரிட்டிப் பணம் பத்து வருடம் கட்டினால்தான் ஓய்வூதியமாகத் திரும்பும். ஐந்து வருடத்தில் திரும்பி வந்தால் போனதுதான்.

அந்த 5,000-இல் வாடகை. நான் 2014-இல் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 790 கொடுத்தேன், அங்கேயே இருக்கும் என் தோழி இப்போது 1,250 கொடுக்கிறாள். கொலம்பஸில் பயணிகள் ரயிலே இல்லை. பேருந்தை நம்பிப் பனியில் நின்று பார்த்துவிட்டு இரண்டாம் மாதமே கார் வாங்கினேன். உங்கள் மனைவியும் வேலைக்குப் போனால் இரண்டு கார். போகலாம், எல்-2 விசாவில் வரும் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. கேட்க மறக்காதீர்கள், ஏனென்றால் வேறு விசாக்களில் அது அவ்வளவு சுலபமில்லை.

குழந்தை விஷயம்தான் எனக்குக் கவலை. இங்கே உங்கள் இருவருக்கும் சேர்த்து நான்கு மாதம் பத்து நாள் விடுப்பு, யுஐஎஃப் என்ற வேலையில்லாதோர் காப்பீட்டு நிதியிலிருந்து பணமும் வரும். அங்கே மத்தியச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு, 50 பேருக்குக் குறையாத கம்பெனியில். குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், பிரசவத்துக்கு முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. கிரீன் கார்டு வரிசையில் பார்ப்பது பிறந்த நாட்டை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தவர்களின் வம்சத்தவராக இருந்தாலும், நீங்கள் பிறந்தது தென்னாப்பிரிக்கா. இந்தியாவில் பிறந்தவர்களின் நீண்ட வரிசையில் நீங்கள் நிற்க வேண்டாம். என்னோடு வேலை பார்த்த மதுரைப் பெண் இதைக் கேட்டுவிட்டு அழுதேவிட்டாள். கம்பெனி கிரீன் கார்டுக்கு எப்போது விண்ணப்பிக்கும் என்ற தேதியையும் சம்பளத்தோடு சேர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீட்டிலிருந்தே கொலம்பஸ் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். டாலரில் வருகிறது. வரி அமெரிக்காவுக்கா, இங்கேயா?

பதில்: இங்கே. தென்னாப்பிரிக்காவில் வசிப்பவருக்கு உலகில் எங்கிருந்து வந்த வருமானத்துக்கும் சார்ஸ் என்ற இங்குள்ள வரித் துறை வரி கேட்கும். யாரும் பிடித்துக் கட்டாததால் நீங்களே ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தற்காலிக வரி கட்ட வேண்டும். வரும் டாலரில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். விடுப்பு, மருத்துவம், ஓய்வூதியம் எதுவும் அவர்கள் தரப்போவதில்லை, அதையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். அங்கே குளிர்காலத்தில் ஏழு மணி நேரம், கோடையில் ஆறு மணி நேரம் வித்தியாசம். அங்கே குளிர்காலமானால் அவர்களுடைய மாலை நான்கு மணிக் கூட்டம் உங்களுக்கு இரவு பதினொன்று. கூட்டங்களை அவர்களுடைய காலையிலேயே வைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.