நகாசு வேலை தெரிந்தவர் துப்பாக்கியில் பூங்கொடி செதுக்கக் கற்றுப் பிழைக்க முடியுமா?

நீங்கள் நகைப் பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை, வேலை குறைந்துவிட்டது, ராத்திரி போனில் இத்தாலிக்காரன் துப்பாக்கியில் செதுக்கும் வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கி என்றதும் அகிம்சை பேச வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு தோட்டாகூட வெடித்தவனில்லை. இரும்பில் கோடு இழுக்கிறதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

கற்கலாம். பிழைப்பு என்பது வேறு கணக்கு.

என் அப்பா கீழக்கரையில் ஒரு பாத்திரக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேர் வெட்டியவர். கல்யாணச் சீர் அண்டா, தவலை, பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டு, எதுவானாலும் வீட்டுப் பேரும் தேதியும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. "இனிஷியலுக்குமா காசு, ஆசாரி?" என்று கேட்காத ஆள் கிடையாது. கை ஓய்ந்தால் பித்தளைத் தகட்டில் கொடிக்கருக்கு வெட்டுவார். மாதிரிக்கு எங்கேயும் அலையவில்லை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்கள் பக்கத்திலேயே இருந்தன. ஆள் உருவம், மிருகம் எதுவும் இல்லாமல் பூவும் கொடியும்தான் அதில்.

அப்படி வெட்டிய தகடு ஒன்று மதுரையில் ரிப்பேர் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் கண்ணில் பட்டு, அவர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்துப் பழைய குடும்பம் ஒன்றின் இரட்டைக்குழல், பர்மிங்காமில் செய்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? ஒப்படைத்த இடத்தில் எவன் எண்ணெய் போட்டுத் துடைப்பான்? நம் ஊர் உப்புக்காற்று செதுக்கிய கோட்டுக்குள்தான் போய் உட்காரும். துரு அங்கிருந்து கிளம்பிக் கொடியையே தின்றுவிட்டது.

அப்பா முதலில் உளியைத் தீட்டினார். முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்தார். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போகும், நகத்தைக் கவ்வினால் வேலைக்கு வரும். முனைக்கு அடியில் ஒரு சின்னச் சாய்வு தீட்டுவோம், குதி என்போம். அது நீண்டுபோனால் நேர்கோட்டில் தெரியாது. சுருளில் திரும்பும்போது கோட்டின் விளிம்பை உரசிப் பொருக்காக்கிவிடும். சுருள் மழுங்கித் தெரிகிறது என்றால் பாதி நேரம் குற்றம் குதியில்தான், கையில் இல்லை.

ஆக்‌ஷனின் பக்கவாட்டில், அதாவது குழலுக்குப் பின்னால் பொறி இருக்கும் இரும்புப் பாகத்தில், உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முனை தெறித்துவிட்டது. அவர் எதிர்பார்த்ததுதான். அந்தப் பாகத்தை இரும்பு இளகலாக இருக்கும்போதே செதுக்கி முடித்து, பிறகு எலும்புக்கரி, மரக்கரிக்குள் புதைத்துச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். மேல்பரப்பு மட்டும் இறுகி, நீலமும் பழுப்பும் ஓடும். மறுபடி வெட்ட வேண்டுமானால் காய்ச்சி இளக்க வேண்டும். இளக்கி, வெட்டி, திரும்ப இறுக்கும்போது கோணிப்போனால் துப்பாக்கியே போச்சு. "இதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, விசையைச் சுற்றி இருக்கும் இளகலான வளையத்தில், ட்ரிகர் கார்டில், மட்டும் கொடியை எடுத்து வெட்டினார். தங்கத்தில் உளியைத் தள்ளினாலே போகும். எஃகில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். வளைவு வரும்போது உளி திரும்பாது, பொருளைப் பிடித்திருக்கும் வைஸ்தான் சுழல வேண்டும். பழைய கொடியின் தண்டு எங்கே கிளம்பி எந்தப் பக்கம் சுருள்கிறது, அடுத்தது அதன் முதுகிலிருந்து எப்படி எதிர்ப்பக்கம் பிரிகிறது என்று பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகே உளியை எடுத்தார். சுருள் உள்ளே போகப்போக இடைவெளி ஒரே சீராகக் குறைய வேண்டும். லண்டன் பர்டி துப்பாக்கியின் ரோஜாவும் சிறு சுருளும், ஆஸ்திரியாவில் ஃபெர்லாக் ஊர்க்காரர்கள் ஆழமாக எடுக்கும் ஓக் இலையும் போட்டோவில் பார்த்தாலும் இது புரியும். இத்தாலியின் கார்தோனேயில் புலீனோ என்று சுத்தியலே இல்லாமல் கையால் தள்ளிப் புள்ளியும் நுண்கோடுமாகப் படம் வரைகிறார்களே, நீங்கள் பார்த்த வீடியோ அதுவாக இருந்தால் அதில் ஆரம்பிக்காதீர்கள்.

வேலையைப் பார்த்து அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்காரர் அவரிடம் சொன்னது: "கல்கத்தா ஆள் வைத்துச் செய்தது ஐயா." அப்பா அங்கேயே, உள்ரூமில், டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைவிட எரிச்சல் கைவினைஞர் அட்டைக்குப் போனபோது. "என்ன தொழில்?" "உலோகத்தில் செதுக்கு வேலை சார்." "நகையா, விளக்கா?" இரண்டும் இல்லை என்றதும் 'இதர' என்று எழுதி, இதரவுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த சீட்டில் வேறு ஆள். மிஷினில் பேர் அடிக்கிறவருக்கு லோன் கிடைத்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

சட்டத்தை மறந்துவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் ரிப்பேர் செய்யக்கூடாது. 8-ஆம் பிரிவுப்படி அடையாள எண்ணைத் தொடவே கூடாது. "செதுக்குவது ரிப்பேரா?" என்று வாதாட ஆசைப்பட்டால் வக்கீலோடு போங்கள், என்னை இழுக்காதீர்கள். துப்பாக்கியை வீட்டுக்கு வாங்கி வந்து செதுக்குகிற பேச்சே வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் பட்டறையில் உட்கார்ந்து செய்வதுதான் வழி, அப்படி ஆர்டர் நம் ஊரில் அபூர்வம். சாதா எஃகுத் தகட்டில் பழகி, வாட்ச் மூடி, பெல்ட் பக்கிள் செதுக்கி விற்கலாம். நான் அதைத்தான் செய்கிறேன், சோறு போடுகிறது.

உளி தீட்டுவதில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.