தடை போட்டால் ஆயுதம் நிற்குமா? வாசகர் கேள்வி – பதில்

கே: மகேந்திரகிரியில் நம்முடைய கிரையோஜெனிக் இன்ஜின் (கடுங்குளிர் திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட் இன்ஜின்) உருவாக அமெரிக்கத் தடைதான் காரணம் என்கிறார்கள். அப்படியானால் தடையால் என்ன பயன்? (திருநெல்வேலி)

ப: தாமதம். பெரும்பாலும் அவ்வளவுதான். 1991-ல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கி, தொழில்நுட்பத்தைத் தராமல் இன்ஜின்களை மட்டும் விற்றது. நாமே செய்த இன்ஜின் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்று ஜெயித்தது. ஒரு வேடிக்கையும் உண்டு. ஏவுகணை பரவலைத் தடுக்கிறோம் என்றுதான் இந்தத் தடை. ஆனால் மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை நிரப்பி வைத்துக்கொண்டு போருக்குக் காத்திருக்க முடியாது. ஏவுகணைக்குத் தோது திட எரிபொருள்தான். நம் அக்னி-2 ஏவுகணை அதிலேயே 1999-ல் பறந்துவிட்டது.

கே: வால்வு தயாரிக்கிறோம். துபாயிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

ப: முதலில், திரவம் படும் உட்பகுதி எதனால் ஆனது என்று பாருங்கள். வார்ப்பிரும்பு, சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கவலை குறைவு. டைட்டானியம், டான்டலம், 40 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகக் கலவை, ஃப்ளூரோபாலிமர் (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) லைனிங் என்றால், அவை அரிக்கும் ரசாயனங்களைத் தாங்கும் என்பதால், 10 மி.மீ.க்கு மேற்பட்ட வால்வுகள் ரசாயன ஆயுதக் கட்டுப்பாட்டு வரம்புக்குள் வரக்கூடும். ஸ்கோமெட் பட்டியலோடு (ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருள்களின் இந்திய அரசுப் பட்டியல்) ஒப்பிட்டு, தேவையென்றால் டி.ஜி.எஃப்.டி.யிடம் (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) லைசென்ஸ் வாங்குங்கள். பட்டியலில் இல்லாத சரக்கானாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் 2005-ம் ஆண்டின் பேரழிவு ஆயுதத் தடுப்புச் சட்டம் பாயும்.

அடுத்து, வாங்குபவர். பொருத்துவது, சர்வீஸ், வாரன்டி எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் நீட்டுகிறாரா? எந்த ஆலைக்கு என்று கேட்டால் மழுப்புகிறாரா? சரக்கைப் பெறுபவர் இடத்தில் ஷிப்பிங் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா? நிறுத்துங்கள். 2003 அக்டோபரில் 'பி.பி.சி. சைனா' கப்பலை இத்தாலியின் டரன்டோ துறைமுகத்துக்குத் திருப்பியபோது, லிபியாவுக்குப் போன யுரேனிய செறிவூட்டல் இயந்திர பாகங்கள் சிக்கின. மலேசியாவில் செய்து துபாய் வழியாகப் போனவை. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்றே நினைத்ததாகத் தொழிற்சாலை சொன்னது. காகிதம் சுத்தமாகத்தான் இருந்தது.

கே: வடகொரியா விஷயத்தில் தடை பலித்ததா? (மதுரை)

ப: 2006-ல் முதல் அணுகுண்டுச் சோதனை, உடனே ஐ.நா. தடை. 2017-ல் ஆறாவது சோதனை. ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்தான் சுத்திகரித்த எண்ணெய் என்று வரம்பு வைத்தார்கள். வடகொரியாவோ நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெயை மாற்றிக்கொண்டது. இதையெல்லாம் கண்காணித்து வந்த ஐ.நா. நிபுணர் குழுவையும் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு முடித்துவைத்தது.