அமைதிப்படை போய் என்ன கிடைத்தது? வடசென்னை வாசகர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: 1990-ல் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை நம்ம துறைமுகத்துக்குத்தான் கப்பலில் வந்து இறங்கியது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அத்தனை உயிரைக் கொடுத்துவிட்டு வந்ததில் உருப்படியாக ஏதாவது கிடைத்ததா?
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, ராயபுரம்

பதில்: நம் படை அங்கே போகக் காரணமான 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் கிடைத்தது கொஞ்சம் உண்டு. படையால் கிடைத்தது முதல் இரண்டு மாத நிம்மதி மட்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும். நின்றதிலிருந்து 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இலங்கை ராணுவம் மே 25 அன்று இருந்த முகாம்களுக்குத் திரும்ப வேண்டும். ஆக, பல வருஷச் சண்டையை முடித்துவைக்க ஐந்தே நாள் கெடு. அந்தக் காகிதத்தில் விடுதலைப் புலிகளின் கையெழுத்து இல்லை. வேறு எந்தத் தமிழ் இயக்கத்தின் கையெழுத்தும் இல்லை. கையெழுத்துப் போடாதவர்களிடம் போய் ஆயுதத்தை வாங்கி வா என்று நம் படையை அனுப்பினார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பம்.

ஆனாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் யாழ்ப்பாணத்து மக்கள் நம் வீரர்களை மாலை போட்டு வரவேற்றார்கள். வடமராட்சியைப் பிடித்துக்கொண்டு அடுத்து யாழ்ப்பாணம் என்று நின்ற இலங்கை ராணுவம் முகாமுக்குள் போனது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

செப்டம்பர் 26-ல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5-ல் பலாலியில் இலங்கை ராணுவத்தின் பிடியில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்பட 12 புலிகள், கொழும்புக்குக் கொண்டுபோகப் பார்த்ததால் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் 10-ல் யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து பிடிக்க நம் படையின் 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. நடுவில் நின்றவன் அன்றைக்கே ஒரு தரப்பாகிவிட்டான். யாழ்ப்பாண நகரத்தைப் பிடித்தாகிவிட்டது, ஆனால் புலிகள் வன்னிக் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

1988 நவம்பரில் தேர்தல் நடந்து, வடகிழக்கு மாகாணத்துக்கு, புலிகளுக்கு எதிரணியான ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். படையின் தோளில் உட்கார்ந்த ஆட்சி அது; தோள் நகர்ந்ததும் விழுந்தது. விழுமுன் இளைஞர்களைத் தெருவிலும் வீட்டிலும் பலவந்தமாகப் பிடித்து 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று துப்பாக்கி கொடுத்தார்கள். நம் படை கிளம்பியதும் அந்தப் பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொண்டு புலிகளிடம் செத்தார்கள். மொத்தக் கதையிலும் எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

1989 ஜூனில் இலங்கையின் புதிய ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை முடிவதற்குள் வெளியேறுங்கள் என்றார். கடைசி அணி 1990 மார்ச் 24-ல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. ஜூனில் மறுபடி போர். சுமார் 1,200 இந்திய வீரர்களின் உயிருக்கு ஈடாக மூன்று மாத அமைதிகூட மிஞ்சவில்லை.

கேள்வி: இவ்வளவு பெரிய ராணுவம் ஒரு சிறிய கெரில்லாப் படையிடம் ஏன் திணறியது?
கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: ஆள்பலம் குறையவில்லை, ஒரு கட்டத்தில் நான்கு டிவிஷன், அதாவது பல்லாயிரம் வீரர்கள், அங்கே இருந்தார்கள். கையில் இருந்ததைப் பாருங்கள். நம் சிப்பாயிடம் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி: விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, மேகஸினில் 20. எதிரே ஏ.கே.47: 30 குண்டு, அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பாயும். தூரத்தில் எஸ்.எல்.ஆர். நல்ல ஆயுதம், பனங்காட்டுச் சந்திலும் வேலி மறைவிலும் பத்தடி தூரத்தில் அது பின்தங்கியது.

அடுத்தது வெடி. கண்ணிவெடி தேடும் கருவி உலோகத்தைத்தான் கண்டுபிடிக்கும். புலிகள் பிளாஸ்டிக் கேன்களில் வெடிமருந்தை அடைத்து ரோட்டுக்கு அடியில் புதைத்தார்கள். கருவி கத்தாது. மரப்பெட்டியில் செய்த 'ஜொனி' மிதிவெடியும் இதே கணக்குதான். ரோட்டைச் சோதித்து நடந்தால் ஒரு நாளைக்குச் சில கிலோமீட்டர்தான் போக முடியும். வண்டியில் போனால் வண்டியோடு போகும்.

மூன்றாவது, தகவல். அக்டோபர் 12 விடியுமுன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிப் புலித் தலைமையைப் பிடிப்பது திட்டம். புலிகள் காத்திருந்தார்கள். சுட்ட சூட்டில் ஹெலிகாப்டர்கள் அடிபட்டு, அடுத்த நடைக்கு வர முடியவில்லை. ஏற்கெனவே இறங்கியிருந்த சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி காலாட்படையின் 30 பேர் தனியாக நின்றார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். வீரத்தில் குறையில்லை. இறங்கும் இடத்தில் எதிரி எத்தனை பேர் என்று அனுப்பியவர்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: வீரர்களின் தியாகத்தைப் பேசுகிறவர்கள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?
காவாங்கரை அகதி முகாமிலிருந்து ஒரு தாய், புழல்

பதில்: திறக்க வேண்டும், அம்மா. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் நம் படையினர் புகுந்து சுட்டதில் அன்றும் மறுநாளும் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் மூன்று மருத்துவர்கள் உள்பட 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். சண்டைக்கு இடையில் சிக்கிவிட்டார்கள் என்றே இந்தியத் தரப்பு சொல்லிவந்தது. கட்டிலில் கிடந்த நோயாளிக்கு அந்தப் பதில் பொருந்தாது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலமைச்சர் துறைமுகத்துக்குப் போகாததற்குக் காரணமும் இதுபோன்ற சாவுகள்தான். 1,200 பேருக்காக அழுவதும் இவர்களுக்காக அழுவதும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

கேள்வி: அந்த ஒப்பந்தத்தில் மீனவருக்கு ஏதாவது உண்டா?
விசைப்படகு ஓட்டுநர், காசிமேடு

பதில்: இல்லை. கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்டது. 1987-ல் அதைத் தொடவே இல்லை. போராளிகளின் நடமாட்டத்தைத் தடுக்க நம் கடற்படை இலங்கைக் கடற்படைக்கு ஒத்துழைக்கும் என்ற வரி மட்டும் உண்டு.

கேள்வி: '13-வது திருத்தம்' என்று அடிக்கடி செய்தியில் வருகிறதே, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா?
போட்டித் தேர்வு மாணவர், வியாசர்பாடி

பதில்: அது இலங்கை அரசியலமைப்பின் திருத்தம். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1987 நவம்பரில் நிறைவேறியது. மாகாண சபைகள் வந்ததும், தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியதும் அதனால்தான். ஒப்பந்தத்தின் பலன் என்று மேலே சொன்னது இதைத்தான். காணி, அதாவது நிலத்தின் மீதான அதிகாரமும் போலீசும் மாகாணத்தின் கைக்கு வரவே இல்லை. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வடக்குக்கென்று முதல் தேர்தல் 2013 செப்டம்பரில்தான் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது.

கேள்வி: இறந்த நம் வீரர்களுக்கு நினைவிடம் எங்கே இருக்கிறது?
பள்ளி ஆசிரியை, பெரம்பூர்

பதில்: கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் ஒன்று, பலாலியில் ஒன்று. நம் ஊரில் தேடினால் அரும்பாக்கத்துக்குப் போங்கள். 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் இறந்து, போர்வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரில் அங்கே ராணுவக் குடியிருப்பு இருக்கிறது: பரமேஸ்வரன் விஹார்.