டீபாட் பழையது, பூக்கள் புதியவை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் வசிக்கிறேன். நான்கு வருடங்களாக 18-ஆம் நூற்றாண்டு கிரீம்வேர் (பாலேட்டு நிற மண்பாண்டம்) பாத்திரங்களைச் சேர்த்து வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் வியாபாரியின் கடையில் 1,450 பவுண்டுக்கு ஒரு டீபாட் வாங்கினேன். 200 பவுண்டு முன்பணத்தைக் கிரெடிட் கார்டிலும் மீதியை வங்கி வழியாகவும் கொடுத்தேன். பில்லில் ‘லீட்ஸ், சுமார் 1775, அக்காலத்துக் கைவண்ண ஓவியம்’ என்று இருக்கிறது. போன வாரம் காப்பீட்டுக்காக மதிப்பிட வந்த நிபுணர், பாத்திரம் பழையதுதான், ஆனால் பூக்கள் நூறு வருடமாவது கழித்துத் தீட்டியவை என்கிறார். லீட்ஸில் செய்ததா என்பதும் சந்தேகமாம். வியாபாரியோ, ‘கையில் எடுத்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், நீங்களும் சேகரிப்பாளர்தானே’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லீட்ஸ் என்ற பெயரை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துக் கிரீம்வேரில் பெரும்பாலானவற்றில் செய்தவரின் முத்திரையே கிடையாது. ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்ததையும் லீட்ஸ் என்று சொல்லி விற்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். (உண்மையில், ‘லீட்ஸ் பாட்டரி’ என்ற முத்திரை பளிச்சென்று இருந்தால்தான் நான் பயப்படுவேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்லீ குடும்பத்தார் பழைய வடிவங்களை அந்த முத்திரையோடு மறுபடி செய்து விற்றார்கள்.) எந்த ஆலை என்று கேட்டால் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ‘அது என் அபிப்பிராயம்’ என்று வியாபாரி நழுவிவிடுவார்.

ஓவியத்தின் வயது அப்படியல்ல. எனாமல் வண்ணத்தை மெருகின் (பாத்திரத்தின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு) மேல் தீட்டி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுவார்கள். அதனால் பூ இல்லாத பழைய பாத்திரத்தில் பிற்காலத்தில் பூ வரைந்து விலையை ஏற்ற முடியும். புழங்கிய கீறல்கள் வண்ணத்தின் மேல் ஓட வேண்டும். வண்ணத்துக்கு அடியில் ஓடினால் பாத்திரம் தேய்ந்த பிறகுதான் பூ வந்திருக்கிறது. இதைப் பெரிதாக்கிய படத்தோடு எழுத்தில் தரச் சொல்லி அந்த நிபுணரிடம் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. ஆறு மாதம் தாண்டிவிட்டதால், வாங்கிய நாளிலேயே குறை இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதுவரை டீபாட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், பழுதுபார்ப்பவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

பில்லில் இருக்கும் ‘அக்காலத்து’ என்ற சொல்தான் உங்கள் வழக்கு. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, பொருள் அதைப் பற்றிய வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் சேகரிப்பாளர் என்பதும் பெரிய தடையல்ல. தொழிலாக வாங்கி விற்காதவரை நீங்கள் நுகர்வோர்தான். ஜெர்மன் ஓவியர் மியுன்டர் வரைந்தது என்று நம்பி 6,000 பவுண்டுக்குப் போலியை வாங்கி, வழக்குப் போட்டுத் தோற்ற ஒருவர் உண்டு. ஆனால் அவர் ஓவிய வியாபாரி. விற்றவரோ அந்த ஓவியரைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார்.

முப்பது நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை முடிந்துவிட்டது. அடுத்த படி பழுதுபார்ப்பது அல்லது மாற்றிக் கொடுப்பது. 1775-இன் பூவை இன்று யார் வரைந்து தருவது? இரண்டும் நடக்காத காரியம் என்பதால், நேரே விலைக் குறைப்புக்கோ பொருளைத் திருப்பித் தந்து பணம் கேட்பதற்கோ போகலாம். ஆறு மாதம் தாண்டியதால் பயன்படுத்தியதற்குக் கொஞ்சம் கழிக்க வியாபாரி கேட்கலாம். அலமாரியில் இருந்த டீபாட்டை என்ன பயன்படுத்தினீர்கள் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள்: முழுப் பணம், இல்லையென்றால் விலைக் குறைப்பு. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று நம்பி 1944-இல் 85 பவுண்டுக்கு ஓவியம் வாங்கிய ஒருவர் ஐந்து வருடம் கழித்து உண்மை தெரிந்து வழக்குப் போட்டார். நஷ்டஈடு கேட்காமல் விற்பனையை ரத்து செய்ய மட்டும் கேட்டார், காலம் கடந்துவிட்டது என்று தோற்றார். கடிதத்தில் ‘மோசடி’ என்று எழுதாதீர்கள். வியாபாரியும் ஏமாந்திருக்கலாம், உங்களுக்கு அது தேவையும் இல்லை. பதினான்கு நாள் அவகாசம் கொடுங்கள்.

அப்புறம் அந்த 200 பவுண்டு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால், ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு முழு விலைக்கும் கார்டு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. டெபிட் கார்டுக்கு இது கிடையாது. அதனால் வியாபாரிக்கு எழுதும் அதே நாளில் கார்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால் நிதித்துறை குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். 10,000 பவுண்டு வரை அங்கேதான், வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம்.

இதையே நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் வாங்கியிருந்தால் இந்த 2015 சட்டப் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்திருக்காது. ஏல நிறுவனத்தின் விதிமுறைகளையும் 1979 பொருள் விற்பனைச் சட்டத்தையும்தான் புரட்ட வேண்டியிருக்கும். கடையில் வாங்கியது நல்லதாகப் போயிற்று.